உங்களுக்குத் தெரியுமா? டாஷ்போர்டு கடிகாரம் ஏன் நிற்கிறது?

அந்தக் காலத்தில், கார் டாஷ்போர்டு கடிகாரங்கள் பலவும் ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை 'டக்' என்று ஒலிக்கும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்ததும் இரண்டு பாயின்ட்டுகள் தொட்டுக்கொள்ளும். உடனே மின்காந்தம் சுண்டி இழுத்து மறுபடி சாவி கொடுத்துவிடும். அருமையான ஏற்பாடு! ஆனால் பேட்டரி இறங்கினால் இழுக்க வலு போதாது. பாயின்ட்டுகள் ஒட்டியபடியே நிற்கும், காயில் கருகிவிடும்.

அதனால்தான் பலர் டயலையும் முட்களையும் வைத்துக்கொண்டு உள்ளே குவார்ட்ஸ் மெஷின் பொருத்துகிறார்கள். அதற்குள் இருப்பது நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகம். அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரே துடிப்பு. 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து நம் கைகளில் கட்டிவிட்டதும் இதே நுட்பம்தான்.

குவார்ட்ஸ் மெஷினுக்கு 1.5 வோல்ட் போதும்; காரின் 12 வோல்ட்டைக் குறைக்க ஒரு சிறு சர்க்யூட் அவசியம். இன்னொன்று முக்கியம்: பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அதைப் பார்க்காமல் இணைப்பு கொடுத்தால் சர்க்யூட் போய்விடும். கழற்றிய பழைய மெஷினைத் தூக்கி எறியாதீர்கள். காயிலைப் புதிதாகச் சுற்றி அதையும் ஓட வைக்கலாம்.