சூதாட்டச் சாலையின் கணக்கு

காசினோவில் பணம் தோற்றுத் திரும்புவோர் இரண்டு காரணங்களுள் ஒன்றைச் சொல்லக் கேட்கிறோம். தம் கிரகம் சரியில்லை என்பது ஒன்று. சாலைக்காரன் சக்கரத்தில் சூழ்ச்சி செய்துவிட்டான் என்பது மற்றொன்று. சாலைக்காரனுக்காக வாதாடுவது நமது நோக்கமன்று. ஆயினும் அவனுக்குச் சூழ்ச்சியே வேண்டுவதில்லை என்பதை நாம் சொல்லியாக வேண்டும்.

ரூலெட் என்னும் ஆட்டத்தைக் கவனிப்போம். ஐரோப்பியச் சக்கரத்தில் 1 முதல் 36 வரையுள்ள எண்களும் ஒரு பூஜ்யமும் ஆக 37 குழிகள் உண்டு. ஓர் எண்ணின்மீது ஒரு ரூபாய் வைத்து வென்றவனுக்கு அந்த ரூபாயுடன் 35 ரூபாய் கிடைக்கும். ஒருவன் 37 குழிகளுக்கும் தலைக்கு ஒரு ரூபாய் வைப்பானாயின், குண்டு எங்கே விழுந்தாலும் அவன் கைக்குத் திரும்புவது 36 ரூபாயே. குறைந்த ஒரு ரூபாய் சாலைக்காரனுடையது. அதாவது நூற்றுக்கு 2.70. அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூஜ்யம் என மற்றொரு குழியும் இருப்பதால் இது 5.26 ஆகிறது.

“நூற்றுக்கு மூன்று ரூபாய்கூட இல்லையே, லேவாதேவிக்காரன் இதைவிட அதிகம் வாங்குகிறானே!” என்று நேயர்கள் நினைக்கலாம். ஏமாறும் இடம் இதுதான். இந்தத் தரகு மடியில் கொண்டுபோன முதலுக்கு அன்று. வைக்கும் ஒவ்வொரு பணயத்துக்கும் உரியது. 300 ரூபாயுடன் சென்றவன் சுற்றுக்கு 10 ரூபாயாக 100 சுற்று ஆடினால், அவன் வைத்த பணயம் 1,000 ரூபாய். சராசரி நஷ்டம் 27 ரூபாய். அவனுடைய முதலுக்கு நூற்றுக்கு 9 போயிற்று. ஒரே மாலைப்பொழுதில்!

தோற்றால் பணயத்தை இரட்டிப்பது என்றொரு யுக்தியைப் பலர் பெரிய ரகசியம்போல் உபதேசிக்கின்றனர். சிவப்பின்மீது 10 ரூபாயில் தொடங்கி ஏழு முறை தொடர்ந்து தோற்றவன் 1,270 ரூபாய் இழந்திருப்பான். எட்டாம் முறை 1,280 வைக்கவேண்டும். வென்றாலோ மொத்த லாபம் பத்தே ரூபாய். அதற்குள் மேஜைக்கு விதித்த உச்சவரம்பும் குறுக்கிடும். “இத்தனை முறை கறுப்பு வந்ததே, இனிச் சிவப்புத்தான்” என்பதும் வீண். 1913 ஆகஸ்டு 18-ல் மாண்டி கார்லோவில் கறுப்பு 26 முறை தொடர்ந்து விழுந்தது. சிவப்பை நம்பிக் குவித்தவர்கள் பெருந்தொகையை இழந்தனர். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது.

அந்த மாண்டி கார்லோ உள்ள மொனாக்கோவின் சரித்திரம் நோக்கத்தக்கது. 1863-ல் பிரான்சுவா பிளாங் என்பவர் அங்கே சூதாட்ட உரிமையைப் பெற்றார். வருமானம் பெருகவே, 1869-ல் மன்னர் மூன்றாம் சார்லஸ் நேர்வரிகளை ரத்துச் செய்தார். அந்நியர் தோற்ற பணம் உள்ளூராரின் வரியைத் தீர்த்தது. ஆனால் மொனாக்கோவின் பிரஜைகள் மட்டும் அங்கே ஆடலாகாதென்பது சட்டம்!

நம் தேசத்திலும் இந்த விநோதம் உண்டு. மாண்டோவி நதியில் காசினோக் கப்பல்களுக்கு அனுமதி தந்திருக்கும் கோவா சர்க்கார், 2020 பிப்ரவரி 1 முதல் கோவாவாசிகள் காசினோக்களில் நுழையலாகாதென்று விதித்தது. தன் ஜனங்களுக்குத் தீங்கென்று கண்டது பிற மாநிலத்தாருக்கு எங்ஙனம் நன்மையாகும்? தடை செய்ய மனமில்லையாயின், படகுத்துறையிலேனும், 37 வைத்தால் 36 திரும்பும் என்ற கணக்கைக் கொங்கணியிலும் மராத்தியிலும் கன்னடத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும்.