பிறர் கடனுக்கு நமக்கேன் அழைப்பு?

நமது அங்கத்தினர்களுக்கு இக்காலத்தில் ஒரு புதுவிதத் தொல்லை நேர்ந்து வருகிறது. தறியில் அமர்ந்திருக்கும்போதோ, வயலில் மடை திருப்பும்போதோ கைப்பேசி ஒலிக்கிறது. எடுத்துக் கேட்டால், முன்பின் அறியாத குரல் ஒன்று யாரோ ஒருவர் பெயரைச் சொல்கிறது. அவர் தவணை கட்டவில்லையென்றும், உடனே கட்டாவிடில் வீட்டு வாசலுக்கே வந்து நிற்போம் என்றும் மிரட்டுகிறது. மறுநாளும் அழைப்பு வருகிறது. எண்ணும் வேறு, குரலும் வேறு. மானத்துக்கு அஞ்சி, "தொல்லை விட்டால் போதும்" என்று ஒரு தவணையைத் தாமே கட்டிவிடுவோரும் உளர். பல நாள் நெய்து பெற்ற கூலி இவ்வாறு பிறர் கணக்கில் போய்ச் சேருகிறது. அழைப்போ நிற்பதில்லை, பணம் கிடைக்கும் இடம் இது என்று அறிந்தபின் அது பெருகவே செய்யும். இதனை முறைப்படி நிறுத்தும் வழியை இங்கு விளக்க முற்படுகிறோம்.

கையொப்பம் யாருடையது?

கடன் என்பது ஓர் ஒப்பந்தம். அதில் கையொப்பமிட்டவரையே அது கட்டுப்படுத்தும். தமையன் வாங்கிய கடனுக்குத் தம்பியோ, கணவர் வாங்கிய கடனுக்கு மனைவியோ உறவு ஒன்றை மட்டும் காரணமாகக் கொண்டு பொறுப்பாளி ஆவதில்லை. கடன்பட்டவர் இறந்துவிட்டால், வாரிசுகள் அவரிடமிருந்து பெற்ற சொத்தின் மதிப்பளவுக்கே பொறுப்பாவர். தம் சொந்த உழைப்பின் ஊதியத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்ற பழைய இந்து சட்டக் கொள்கையையும், 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அதன் பின்னர் ஏற்பட்ட கடன்களைப் பொறுத்தவரை நீக்கிவிட்டது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜாமீன் கையொப்பமிட்டவர் அயலார் அல்லர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது என்று விதிக்கிறது. கூட்டாகக் கடன் பெற்றவர்களும், ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் குழுக் கடன் பெற்றவர்களும் இவ்வகையினரே. ஆகையால், "எனக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்லுமுன், எப்போதாவது எவருக்காவது கையொப்பமிட்டோமா என்று நினைவுபடுத்திப் பார்த்தல் வேண்டும். கடன் விண்ணப்பத்தில் "தெரிந்தவர்" என்று நமது பெயர் எழுதப்பட்டிருப்பது மட்டும் ஜாமீன் ஆகாது.

அழைப்பு நம்மிடம் வருவதன் காரணங்கள்

முதலாவது, கடன் பெற்றவர் நம்மைக் கேளாமலேயே நமது பெயரையும் எண்ணையும் விண்ணப்பத்தில் எழுதியிருக்கலாம். இரண்டாவது, நாம் வாங்கிய எண் முன்பு வேறொருவருக்கு உரியதாக இருந்திருக்கலாம். துண்டிக்கப்பட்ட கைப்பேசி எண் 90 நாட்கள் கழிந்தபின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். கடன் கொடுத்தவரின் ஏட்டிலோ பழைய எண்ணே நிற்கும். மூன்றாவது, கைப்பேசிச் செயலிகள் மூலம் கடன் கொடுத்த சிலர், கடனாளியின் கைப்பேசியிலுள்ள எண்களை எல்லாம் திரட்டிக்கொண்டு அவற்றுக்கு அழைத்தனர். செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொள்ளலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் உத்தரவிட்டது. நான்காவது, நமது அடையாளச் சான்றுகளின் நகலைக் கொண்டு வேறொருவர் நமது பெயரிலேயே கடன் பெற்றிருக்கலாம். ஐந்தாவது, கடனே இல்லாமல் ஏமாற்றுவோரும் இருக்கின்றனர்.

அழைப்பு வந்தவுடன் செய்ய வேண்டியது

கோபப்படவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். பேசுபவரின் பெயர், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர், அவர்கள் தேடும் கடனாளியின் பெயர், கடன் கணக்கு எண் ஆகிய நான்கையும் கேட்டு, தேதி, நேரம், அழைத்த எண் ஆகியவற்றுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். நமது ஆதார் எண்ணையோ, வங்கிக் கணக்கு விவரத்தையோ, கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணையோ சொல்லலாகாது. "பார்க்கிறேன்", "கட்டச் சொல்கிறேன்" என்னும் சொற்கள் நமது வாயிலிருந்து வரக்கூடாது. பொறுப்பை ஏற்பதாக அவை கொள்ளப்படக்கூடும். "இக்கடனில் நான் கடனாளியும் அல்ல, ஜாமீனும் அல்ல, இவ்வெண்ணை நீக்கிவிடுங்கள்" என்ற ஒரு வாக்கியமே போதும். ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

ஆயினும், பேச்சினால் மட்டும் அழைப்பு நிற்காது. அழைப்பவர் கூலிக்கு அமர்த்தப்பட்ட வசூல் ஏஜெண்டு. இன்று ஓர் ஏஜெண்டு, நாளை மற்றோர் ஏஜெண்டு. ஒருவரது எண்ணைத் தடுத்தால் வேறோர் எண்ணிலிருந்து அழைப்பு வரும். கடன் கொடுத்தவரின் ஏட்டில் நமது எண் உள்ளவரையில் தொல்லையும் தொடரும். ஆகவே அந்த ஏட்டிலிருந்து எண்ணை நீக்கச் செய்வதே வழி. அதற்கு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கடிதம் இவ்வாறு இருக்கலாம்:

"தங்கள் நிறுவனத்தின் பெயரால் இன்ன தேதிகளில், இன்ன எண்களிலிருந்து, இன்னாருடைய கடன் குறித்து எனது எண்ணுக்கு அழைப்புகள் வந்தன. அக்கடனை நான் பெறவில்லை. அதற்கு ஜாமீனும் அளிக்கவில்லை. நான் பொறுப்பாளி என்று தாங்கள் கருதினால், எனது கையொப்பமுள்ள பத்திரத்தின் நகலை அனுப்புக. இல்லையேல் எனது எண்ணைத் தங்கள் பதிவேட்டிலிருந்தும், ஏஜெண்டுகளின் பட்டியல்களிலிருந்தும் நீக்கி, எழுத்து மூலம் உறுதி செய்க."

இதனை விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதையும் நகலையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

விதிகள் நமக்குத் துணை

2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் தேதி ரிசர்வ் வங்கி பிறப்பித்த சுற்றறிக்கை, வங்கிகளுக்கும், கூட்டுறவு வங்கிகளுக்கும், நிதி நிறுவனங்களுக்கும் ஒரு கட்டுப்பாட்டை விதித்தது. அவர்களோ அவர்களது ஏஜெண்டுகளோ எவரையும் மிரட்டலாகாது. கடனாளியின் குடும்பத்தார், நண்பர், பெயர் குறிப்பிடப்பட்டவர் ஆகியோரது அந்தரங்கத்தில் தலையிடலாகாது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடனாளியை வசூலுக்காக அழைக்கலாகாது. சிறு கடன்களுக்கான தனி விதிகளில் இந்நேரம் காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை என்று மேலும் சுருக்கப்பட்டது. ஏஜெண்டின் செயலுக்கு அவரை அமர்த்திய நிறுவனமே பொறுப்பு.

கடிதத்திற்கு 30 நாட்களுக்குள் பதில் வராவிடினும், வந்த பதில் திருப்தியளிக்காவிடினும், ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேன் என்னும் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்டறியலாம். தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் குறித்த முறையீடு கூட்டுறவுப் பதிவாளர் அலுவலகத்துக்கு உரியது.

மிரட்டல் உண்டாயின் காத்திருக்க வேண்டியதில்லை. காவல் நிலையத்தில் புகார் அளிக்கலாம். குற்றமுறு மிரட்டல் பாரதிய நியாய சன்ஹிதையின் 351-ஆம் பிரிவின் கீழ் தண்டனைக்குரியது. ஏமாற்றுக்காரரிடம் பணம் இழந்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நமது பெயரிலேயே பொய்க் கடன் இருக்குமோ என்று ஐயம் தோன்றினால், கடன் தகவல் நிறுவனங்களிடம் நமது கடன் அறிக்கையைக் கேட்டுப் பெறலாம். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை இதனை இலவசமாக அளித்தல் வேண்டும். பிழை இருப்பின் திருத்தம் கோரலாம். 30 நாட்களுக்குள் குறை தீராவிடில் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ஆம் ஆண்டில் விதித்தது.

நம் சங்கங்களின் கடமை

நாமும் கடன் கொடுப்பவர்களே என்பதை மறத்தலாகாது. நமது சங்கத்தின் தவணை நிலுவைக்காக, கையொப்பமிடாத அண்டை வீட்டாரிடம் ஆள் அனுப்புவது நமக்கு அழகன்று. காரியதரிசிகள் ஆண்டுக்கொருமுறை அங்கத்தினர்களின் கைப்பேசி எண்களைச் சரிபார்த்துப் பழைய எண்களை நீக்க வேண்டும். எழுதப் படிக்க இடர்ப்படும் அங்கத்தினருக்கு மேற்கண்ட கடிதத்தை எழுதித் தருவதும் சங்கத்தின் தொண்டேயாகும்.

அங்கத்தினர்களும் இரண்டைக் கடைப்பிடிக்க வேண்டும். பிறர் பெயரை விண்ணப்பத்தில் எழுதுமுன் அவரது சம்மதம் பெற வேண்டும். ஜாமீன் கையொப்பமிடுமுன், அத்தொகையை நாமே கட்ட நேர்ந்தால் தாங்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் பொறுப்பேற்ற கடனை நாணயமாகத் தீர்ப்போம்; நாம் பொறுப்பேற்காத கடனுக்கு அஞ்சாமல் எழுத்தில் மறுப்போம். இவ்விரண்டும் கூட்டுறவாளருக்கு உரிய குணங்களே.