பழைய டிராக்டரின் ஹீட்டரைப் பழுது பார்த்தல்

மார்கழி, தை மாத விடியற்காலையில் டிராக்டர் கிளம்ப மறுப்பது பழைய வண்டி வைத்திருக்கும் விவசாயிகளுக்குப் பழகிப்போன தொல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998லும் ஒரகடத்தில் 2010லும் பெரிய கார் தொழிற்சாலைகள் வந்தன. ஆனால் அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், ஏரிப் பாசன நிலத்தை உழும் முப்பது வருட டிராக்டருக்கு ஹீட்டர் பார்க்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. எனவே இந்தப் பழுதை விவசாயியே அறிந்து வைத்திருப்பது நல்லது.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. எஞ்சின் குளிர்ந்திருந்தால், அதிலும் ரிங் தேய்ந்திருந்தால், இந்தச் சூடு போதாது. உள்ளே போகும் காற்றை முன்கூட்டியே சூடாக்குவதுதான் ஹீட்டரின் வேலை. சென்னை சிம்சன் எஞ்சின் பூட்டிய பழைய டிராக்டர்கள் சிலவற்றில் 'தெர்மோஸ்டார்ட்' எனும் ஹீட்டர், காற்றுக் குழாயான மேனிபோல்டில் திருகப்பட்டிருக்கும். சாவியை ஹீட் நிலையில் வைத்தால் அதிலுள்ள கம்பிச்சுருள் பழுக்கும். அந்தச் சூட்டில் சிறு வால்வு திறந்து டீசல் சொட்டி எரியும். 15 முதல் 20 விநாடி பொறுத்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். நம்மவர்களில் பலர் ஐந்து விநாடி கூடப் பொறுப்பதில்லை!

ஹீட்டர் போய்விட்டால் ஏர் கிளீனர் வாயில் எரியும் துணியைக் காட்டுவதும், ஈதர் திரவத்தைப் பீய்ச்சுவதும் வழக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் கூடாது. பழைய ஏர் கிளீனரில் எண்ணெய் இருக்கிறது. அது தீப்பிடிக்கக் கூடும். பழுத்த கம்பிச்சுருள் மேல் ஈதர் பட்டால் மேனிபோல்டே வெடித்துக் கையையும் முகத்தையும் பதம் பார்த்துவிடும்.

முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். சாவியை ஹீட் நிலையில் வைத்து, ஹீட்டர் முனையில் 12 வோல்ட் சோதனை விளக்கைத் தொடுங்கள். எரியாவிட்டால் சாவி சுவிட்சிலோ ஒயரிலோ கோளாறு. ஒயர் மெல்லியதாக இருக்கக் கூடாது. இந்த ஹீட்டர் ஏறக்குறைய 12 ஆம்பியர் இழுக்கும். விளக்கு எரிந்தும் மேனிபோல்டு சூடாகாவிட்டால் கம்பிச்சுருள் அறுந்திருக்கும், அல்லது மரையில் படிந்த துருவும் பெயின்டும் எர்த்தைத் தடுத்திருக்கும். மரையைச் சுத்தம் செய்து பார்த்த பின்பே புதியது வாங்குங்கள்.

அடுத்தது டீசல். ஹீட்டருக்கு வரும் சிறு குழாயின் நட்டைத் தளர்த்தி, பம்பின் கை நெம்புகோலை அடித்தால் குமிழி இல்லாமல் டீசல் வர வேண்டும். டீசல் வராத நிலையில் ஹீட்டரைப் போட்டால் கம்பிச்சுருள் கருகிவிடும். புது ஹீட்டர் மாட்டிய அன்றே கருகுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதற்கு எதிரான கோளாறும் உண்டு. வால்வு மூடாமல் டீசல் எந்நேரமும் சொட்டினால் வெண்புகை வரும், டீசலும் வீணாகும். ஹீட்டரைக் கழற்றி, குழாயை மட்டும் இணைத்து, மின்சாரம் கொடுக்காமல் சில நிமிடம் கவனியுங்கள். சொட்டினால் மாற்றிவிட வேண்டியதுதான்; அதைத் தட்டிச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை.

கழற்றும் முன் பேட்டரியின் நெகடிவ் ஒயரை எடுத்துவிடுங்கள், டேங்க் குழாயையும் மூடுங்கள். திரும்ப மாட்டும்போது அளவுக்கு மேல் முறுக்கினால் மரை போய்விடும்.

பழைய மகிந்திரா எம்.எம். 540 ஜீப்பில் ஏற்பாடு வேறு. அதன் பெஜோ டீசல் எஞ்சினில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு ஹீட்டர் பிளக்குகள் உண்டு. இணைப்புப் பட்டையைக் கழற்றி, பேட்டரியின் பாசிடிவிலிருந்து சோதனை விளக்கு வழியாக ஒவ்வொரு பிளக்கையும் தொட வேண்டும். விளக்கு எரியாத பிளக் அறுந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதியம் சூடான எஞ்சினும் கிளம்பத் தகராறு செய்தால் குற்றம் ஹீட்டரில் இல்லை. ரிங், வால்வு, இன்ஜெக்டர், பேட்டரி இவற்றைப் பார்க்க வேண்டும். ஹீட்டருக்குப் பணம் செலவழிப்பதில் பயனில்லை.

உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகளில் விசாரிக்கலாம். பழைய ஹீட்டரைக் கையோடு எடுத்துச் சென்று, மரை அளவையும் 12 வோல்ட் என்பதையும் ஒத்துப் பார்த்து வாங்குங்கள்.