தண்ணீரில் ஒரு பலகைச் சவாரி!

குழந்தைகளே! குளத்தில் வாத்து நீந்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த முறை பார்க்கும்போது வாத்தை விட்டுவிட்டு, அதன் பின்னால் பாருங்கள். இரண்டு பக்கமும் சாய்வாக இரண்டு சிற்றலைகள் கிளம்பி, ஆங்கில 'வி' எழுத்தைப் போல விரிந்துகொண்டே போகும். ஒரு சின்ன வாத்துக்கே இப்படி என்றால், மோட்டார் படகு போனால் எப்படி இருக்கும்? முழங்கால் உயரத்துக்கு, சில படகுகளில் இடுப்பு உயரத்துக்கே அலை எழும்பும்!

படகு விட்டுச் செல்லும் இந்த அலைத் தடத்துக்கு ஆங்கிலத்தில் 'வேக்' என்று பெயர். காலையில் அம்மா 'வேக் அப்' என்று எழுப்புகிறாரே, அதே எழுத்துகள்தான், பொருள்தான் வேறு. அந்த அலையை வைத்துப் பலகையில் விளையாடுவதால், விளையாட்டுக்கு 'வேக்போர்டிங்' என்று பெயர் வந்தது. படகு முன்னால் ஓடும். அதில் கட்டிய கயிற்றின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, காலில் பலகையை மாட்டியவர் பின்னால் வழுக்கி வருவார். அலை மேட்டில் ஏறி, அப்படியே ஆகாயத்தில் எழும்பி, குட்டிக்கரணம் அடித்து மறுபடி தண்ணீரில் வந்து நிற்பார். அடேயப்பா!

ஆனால், புதிதாகக் கற்றுக்கொள்ள வருபவருக்குக் குட்டிக்கரணம் ஒரு பிரச்னையே இல்லை. தண்ணீரிலிருந்து எழுந்து நிற்பதுதான் பிரச்னை! முதல் நாளில் பத்து முறை, பதினைந்து முறை விழுபவர்கள் நிறைய. ஏன் விழுகிறார்கள் தெரியுமா? அதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் லேக் சிட்டி என்ற சிற்றூர் இருக்கிறது. மிசிசிப்பி ஆறு அங்கே அகன்று விரிந்து, பெப்பின் ஏரி என்று பெயர் பெறுகிறது. 1922-ல் அந்த ஊரில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர் இருந்தார். பனியில் பலகை கட்டிக்கொண்டு சறுக்குகிறார்களே, தண்ணீரில் ஏன் முடியாது என்று அவருக்குத் தோன்றியது. முதலில் பீப்பாய்ப் பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தார், மூழ்கினார். பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டிப் பார்த்தார். அதற்கும் அதே கதி. பிறகு 8 அடி நீளம், 9 அங்குல அகலத்தில் இரண்டு மரப்பலகைகள் வாங்கி, அம்மா துணி வேகவைக்கும் பாத்திரத்தின் கொதிநீரில் முனைகளை ஊறவைத்து, மேல்நோக்கி வளைத்தார். அந்த அம்மா என்ன சொன்னாரோ!

அண்ணன் பென் படகை ஓட்டினார். நாள்கணக்கில் விழுந்து விழுந்து எழுந்த பிறகு ரால்ஃபுக்கு ஒன்று பிடிபட்டது. உடம்பைப் பின்னால் சாய்த்து, பலகை முனைகளைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி வைத்துக்கொண்டால் படகே தூக்கி நிறுத்திவிடுகிறது! 1922 ஜூலை 2-ஆம் தேதி அவர் தண்ணீர் மேல் நின்றார். மறுநாள் அவருக்கு 19-ஆவது பிறந்தநாள். நீர்ச்சறுக்கு விளையாட்டு பிறந்தது இப்படித்தான்.

பலகை முனை மேலே இருந்தால் ஏன் எழ முடிகிறது? குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்து விளையாடியிருப்பீர்களே, அதை நினைத்துப் பாருங்கள். தட்டையாகச் சாய்த்து எறிந்தால் சில்லு தவளை மாதிரி தத்தித் தத்திப் போகும். செங்குத்தாக எறிந்தால் குபுக்! வேகமாகப் போகும் தட்டையான பொருள் சற்றே முனை தூக்கி இருந்தால், தண்ணீர் அதை அடியிலிருந்து மேலே தள்ளும். முனை கவிழ்ந்தால் தண்ணீர் பலகையை உள்ளே அமுக்கும். அவ்வளவுதான் அறிவியல்.

வேக்போர்டிங் வந்தது வெகு காலம் கழித்து. 1985-ல் கலிபோர்னியாவின் சான் டியாகோவைச் சேர்ந்த டோனி ஃபின் என்ற அலைச்சறுக்கு வீரர், சிறிய அலைப்பலகை ஒன்றைப் படகின் பின்னால் கட்டி இழுக்கும்படி செய்தார். 'ஸ்கர்ஃபர்' என்று அதற்குப் பெயர். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பலகை மிகவும் மிதந்தது. மிதப்பது நல்லதுதானே என்கிறீர்களா? இல்லை! கழுத்தளவு தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கால்களால் அமுக்கிப் பிடியுங்கள் பார்க்கலாம். அது நழுவித் துள்ளி வெளியே வரும். அதே தொல்லைதான் இங்கேயும். பலகையைத் தண்ணீருக்குள் அடக்கிவைத்து எழுவதற்கு நல்ல பலம் வேண்டியிருந்தது. 1990-ல் ஹெர்ப் ஓ'பிரையன் என்பவர் மூழ்கவும் செய்யாமல், துள்ளி மிதக்கவும் செய்யாமல் சொன்னபடி கேட்கும் மெல்லிய பலகையை 'ஹைப்பர்லைட்' என்ற பெயரில் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் சிறுவர்களும், சாதாரண உடல் பலம் உள்ளவர்களும் இந்த விளையாட்டுக்கு வர முடிந்தது. 1993-ல் ஜிம்மி ரெட்மன் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும் பலகையை வடிவமைத்தார். அதில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் முன்னால் வைத்துப் போகலாம்.

இன்றைய பலகைகளும் அதே வம்சம்தான். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 130 முதல் 145 சென்டிமீட்டர் நீளம். சிறுவர்களுக்கு அதைவிடக் குட்டை. உயரத்தைப் பார்த்து அல்ல, உடல் எடையைப் பார்த்துத்தான் பலகையைத் தேர்ந்தெடுப்பார்கள். அடியில் மீனின் துடுப்பு போலச் சின்னச் சின்னத் துடுப்புகள் இருக்கும். பலகை நேராகப் போக அவை உதவும். மேலே கால்களை நுழைக்க இரண்டு காலணிகள் பொருத்தியிருப்பார்கள். அவற்றை நனைத்துக்கொண்டு போட்டால் சுலபமாக ஏறும்.

பலகையில் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். எந்தக் கால் முன்னால்? இதைக் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி உண்டு. சமதரையில் நின்றுகொண்டு, ஒரு நண்பனைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். எப்போது தள்ளுவான் என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. தடுமாறும்போது தானாக எந்தக் கால் முன்னே போகிறதோ அதுதான் உங்கள் முன்கால். (லேசாக என்றேன்! மாடிப்படி பக்கம் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.)

இனி நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன். உயிர்காப்பு உடுப்பு, அதாவது லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இந்த விளையாட்டு கிடையாது. 'எனக்கு நன்றாக நீச்சல் தெரியுமே!' என்று சொல்வது செல்லாது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போய் விழுந்தால் தண்ணீர் தண்ணீராக இருக்காது, பளாரென்று அறையும். விழுந்த அதிர்ச்சியில் மூச்சு முட்டி, சில விநாடிகள் கை கால் ஓடாது. அந்தச் சில விநாடிகள் உங்களை மிதக்க வைக்கத்தான் ஜாக்கெட். கழுத்து வழியாக உருவிக்கொண்டு போகாத அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். தலைக்கவசமும் போட்டுக்கொள்வது நல்லது. நீச்சலும் தெரிந்திருக்க வேண்டும். ஜாக்கெட்டும் இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று பதில் அல்ல.

படகுக்கு வருவோம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நீர்ச்சறுக்கு வீரர்களுக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். படகு அலையே எழுப்பாமல் போனால் சந்தோஷம். வேக்போர்டு வீரர்களுக்கோ அலை பெரிதாக வேண்டும்! அதற்காகப் படகுக்குள் தொட்டிகளும் பைகளும் வைத்து, ஏரித் தண்ணீரையே பம்பு போட்டு நிரப்பி எடையை ஏற்றுவார்கள். சில படகுகளில் இது ஆயிரம் கிலோவையும் தாண்டும். எடை ஏற ஏறப் படகு தாழ்ந்து தண்ணீரை அதிகமாக விலக்கும், அலை உயரும். கற்றுக்குட்டிகளுக்கு இந்த எடை தேவையில்லை. படகின் நடுவில் வளைவு மாதிரி ஓர் உயரமான உலோகச் சட்டம் நிற்கும். கயிற்றை அதன் உச்சியில் கட்டுவார்கள். ஆள் உயரத்துக்கு மேலிருந்து இழுப்பதால், எழும்ப நினைப்பவருக்கு மேல்நோக்கி ஒரு கை கொடுத்த மாதிரி இருக்கும்.

படகை ஓட்டுபவர் முன்னால் பார்க்க வேண்டும். அப்படியானால் பின்னால் வருபவரை யார் பார்ப்பது? அதற்காகவே தனியாக ஒருவர் படகில் இருப்பார். கலிபோர்னியா மாநிலச் சட்டப்படி அவருக்கு 12 வயதாவது ஆகியிருக்க வேண்டும். நம் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட அந்தப் பொறுப்பைக் கொடுக்கிறார்கள் பாருங்கள்! பலகைக்காரர் விழுந்ததும் அங்கே சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் கொடியைத் தூக்கிக் காட்ட வேண்டும். 'இங்கே தண்ணீரில் ஆள் இருக்கிறார், ஜாக்கிரதை!' என்று மற்ற படகுகளுக்கு அது அறிவிப்பு. சூரியன் மறைந்தால் அங்கே இந்த விளையாட்டுக்கு அனுமதி இல்லை.

இன்னொன்று. என்ஜின் ஓடும்போது படகின் பின்தட்டில் உட்காரவோ, அதைப் பிடித்துத் தொங்கவோ கூடாது. அடியில் காற்றாடி சுழல்வது ஒரு காரணம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு இன்னொரு காரணம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயக்கம் வரும் வரை தெரியாது.

என்ஜின் சத்தத்தில் கத்தினாலும் காது கேட்காது. அதனால் கைச்சாடைதான். கட்டைவிரலை உயர்த்தினால் 'வேகம் கூட்டு'. கீழே காட்டினால் 'குறை'. கழுத்துக்குக் குறுக்கே கையை வீசினால் 'நிறுத்து'. தலையைத் தட்டினால் 'கரைக்குப் போகலாம்'. விழுந்த பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கோத்துக் காட்டினால் 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை'. கண்காணிப்பவர் ஆவலோடு எதிர்பார்ப்பது இந்தச் சாடையைத்தான்.

கயிறு நீளாத கயிறாக இருக்க வேண்டும். ரப்பர் மாதிரி இழுபட்டால் சுண்டிவிடும். புதியவர்களுக்கு 30 முதல் 50 அடி போதும். தேர்ந்தவர்கள் 65 அடிக்கு மேல் வைத்துக்கொள்வார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. விழப்போகிறோம் என்று தெரிந்ததும் விட்டுவிட வேண்டும்.

சரி, எழலாமா? ஜாக்கெட் தாங்க, தண்ணீரில் மல்லாந்தவாறு மிதக்கிறீர்கள். பலகை உங்களுக்கும் படகுக்கும் நடுவில் குறுக்காக இருக்கிறது. முழங்கால்கள் மார்பை நோக்கி மடிந்திருக்கின்றன. குதிகால்கள் பிட்டத்துக்குப் பக்கத்தில். கைகள் நேராக நீண்டு கைப்பிடியைப் பிடித்திருக்கின்றன. கயிறு விறைக்கிறது. 'ஹிட் இட்!' என்று கத்துகிறீர்கள். 'கிளப்பு!' என்று அர்த்தம்.

இந்த இடத்தில்தான் எல்லாரும் தவறு செய்கிறார்கள். பள்ளி விளையாட்டு விழாவில் கயிறிழுக்கும் போட்டி நடக்குமே, அது மாதிரி கையை மடக்கிக் கயிற்றை இழுக்கிறார்கள். இழுத்ததும் கயிறு ஒரு கணம் தளரும். தொபுக்கடீர் என்று பின்னால் விழுவார்கள். இன்னும் சிலர் அவசரமாக எழுந்து நிற்பார்கள். பலகை இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். தண்ணீர் அதைச் சுவர் மாதிரி தடுக்கும். படகு ஆளை மட்டும் இழுக்கும். மூக்கு முதலில் போய் இறங்கும்!

செய்ய வேண்டியது, ஒரு மூட்டை மாதிரி சுருண்டு கிடப்பதுதான். படகு இழுக்கட்டும். தண்ணீர் பலகையின் அடியில் தள்ளும். பலகை தானாக உங்கள் காலடிக்கு வந்து மேலே ஏறும். பலகை தண்ணீர் மேல் வழுக்க ஆரம்பித்தது தெரிந்த பிறகு, நாற்காலியிலிருந்து எழும் பாட்டியைப் போல நிதானமாக எழுங்கள். முன்காலைப் படகை நோக்கித் திருப்புங்கள். கைப்பிடியை முன்பக்க இடுப்புக்குப் பக்கத்தில் தாழ்வாக வைத்துக்கொள்ளுங்கள். பார்வை படகின் மேல் இருக்கட்டும். பலகையைக் குனிந்து பார்த்தால் தலை போகும் பக்கம் உடம்பும் போகும்.

இதைத் தரையிலேயே பழகலாம். பயிற்சியாளர்களும் முதலில் தரையில்தான் பழக்குகிறார்கள். மணலில் குந்தி உட்காருங்கள். ஒரு துண்டின் ஒரு முனையை நீங்களும், மறு முனையை நண்பனும் பிடித்துக்கொள்ளுங்கள். அவன் மெல்ல இழுக்கட்டும். கையை மடக்காமல், அவன் இழுப்பிலேயே எழ முடிகிறதா என்று பாருங்கள். நான்கைந்து முறை செய்தால் உடம்புக்குப் புரிந்துவிடும். அம்மாவின் நல்ல துண்டை எடுத்துவிடாதீர்கள்!

நின்றுவிட்டால் பாதி வேலை முடிந்தது. குதிகாலை அழுத்தினால் பலகை ஒரு பக்கம் திரும்பும். விரல்களை அழுத்தினால் மறுபக்கம். புதியவர்களுக்கு மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் வேகம் போதும். சிறுவர்களுக்கு அதற்கும் குறைவு. முதலில் இரண்டு அலைகளுக்கும் நடுவில் உள்ள சமதளத்திலேயே ஓட வேண்டும். பிறகு முழங்காலை வளைத்து மெதுவாக அலையைக் கடக்கலாம். தாவுவது அதற்கும் பிறகு. தாவுவதிலும் அவசரம் ஆகாது. அலையின் உச்சிக்குப் போனதும் மடித்த கால்களை நிமிர்த்தினால், அலையே தூக்கி வீசும்.

அமெரிக்காவின் பார்க்ஸ் போனிஃபே 1996-ல் எக்ஸ் கேம்ஸ் போட்டியில் வேக்போர்டிங் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 14. உங்களில் மூத்தவர்களின் வயதுதான்! படகு வாங்க எல்லாராலும் முடியாதே என்று கேட்பீர்கள். ஜெர்மனியின் புருனோ ரிக்சன் என்ற பொறியாளர் அதற்கும் வழி கண்டார். ஏரியைச் சுற்றிக் கம்பங்கள் நட்டு, உயரத்தில் கம்பி வடம் ஓடவிட்டு, அதில் கயிற்றை மாட்டிவிட்டார். படகே இல்லாமல் பலர் ஒரே நேரத்தில் சுற்றி வரலாம். இப்படிப்பட்ட ஏரிகள் இப்போது பல நாடுகளில் இருக்கின்றன.

இதோ, நீங்கள் முதன்முதலாக அலையைக் கடக்கப் பார்த்து விழுந்துவிட்டீர்கள். கைப்பிடியை விட்டாயிற்று. மூக்கில் கொஞ்சம் தண்ணீர். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கோத்துக் காட்டுகிறீர்கள். படகில் கொடி உயர்கிறது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, உங்களைத் தன் பார்வையிலேயே வைத்துக்கொண்டு அகலமாக வட்டமடித்து வருகிறார். கயிறு தண்ணீரில் பாம்பு போல நெளிந்து நெளிந்து வந்து, கைப்பிடி உங்கள் கைக்கே வந்து சேர்கிறது. முழங்காலை மடக்குங்கள். கையை நீட்டுங்கள். கயிறு விறைக்கட்டும்... இப்போது சொல்லுங்கள்: "ஹிட் இட்!"