தான் உகந்த திருமேனி

ஒரகடம் கூட்டுரோடு டீக்கடையில், ஷிப்ட் முடிந்து வந்த தம்பி ஒருவர் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டிக் கேட்டார்: "அண்ணா, ஸ்ரீரங்கத்துல ராமானுஜர் உடம்பு ஆயிரம் வருஷமா அப்படியே இருக்காமே? அப்போ அவர் பொறந்த நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல இருக்கிறது என்ன?" இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

ராமானுஜருக்கு மூன்று திருமேனிகள் என்பார்கள் வைணவர்கள். ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது 'தான் உகந்த திருமேனி', மேல்கோட்டையில் 'தமர் உகந்த திருமேனி', ஸ்ரீரங்கத்தில் 'தானான திருமேனி'. வைணவத் துறவிகளை எரிப்பதில்லை, பள்ளிப்படுத்துவார்கள். ராமானுஜரையும் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ளேயே அப்படிப் பள்ளிப்படுத்தினார்கள். அந்த இடத்தில் எழுந்ததுதான் இன்றைய உடையவர் (ராமானுஜர்) சன்னதி. அங்குள்ள திருமேனிக்குப் பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாத்துகிறார்கள். 'தானான' என்ற பெயரும் இந்தப் பூச்சும் சேர்ந்துதான் 'பதப்படுத்திய உடல்' என்ற வீடியோ பிறக்க வழி செய்தன என்பது என் எண்ணம். பக்தர்களின் நம்பிக்கை வேறு. அதை மருத்துவ அதிசயம் போலப் பரப்புவது வேறு.

என் மனசுக்கு நெருக்கமானது நம் ஊர்க் கதைதான். ராமானுஜர் முதுமையில் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். பிறந்த ஊர்க்காரர்களுக்கு அவரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவருடைய சீடர் முதலியாண்டானின் மகன் கந்தாடையாண்டான் ராமானுஜரைப் போலவே ஒரு விக்கிரகம் செய்விக்கிறார். ராமானுஜர் அதை ஆரத் தழுவித் தன் சக்தியை அதற்குள் செலுத்தி அனுப்பிவைக்கிறார். தைப்பூசத்தன்று இங்கே பிரதிஷ்டை நடக்கிறது. அதே வேளையில் அங்கே அவர் உடல் தளர்ந்ததாம். அந்த நாளைத்தான் 'குருபுஷ்யம்' என்று இன்றும் கொண்டாடுகிறோம்.

இந்தக் கதைகளெல்லாம் எங்கிருந்து வந்தன? ராமானுஜர் எழுதியதாகச் சொல்லப்படும் ஒன்பது நூல்களும் வடமொழியில் உள்ளவை. தன் வாழ்க்கையைப் பற்றி அவற்றில் அவர் சொல்லவில்லை. அந்த இடத்தை நிரப்பியவை 'ஆறாயிரப்படி' போன்ற பிற்காலத்துக் குருபரம்பரை நூல்கள்.

வயதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1017 முதல் 1137 வரை 120 ஆண்டு வாழ்ந்தார் என்பது மரபு. 1077–1157 என்று கணக்கிடும் ஆய்வாளர்களும் உண்டு. சோதிடத்தில் தசா ஆண்டுகளைக் கூட்டினால் வருவதும் 120 ஆண்டுதான். சோதிடப்படி அதுதான் மனிதனின் பூரண ஆயுள். 2022இல் ஹைதராபாத் பக்கத்தில் ராமானுஜருக்கு 216 அடிச் சிலை திறந்தபோது, அந்த ஆயுள் கணக்கை வைத்தே 120 கிலோ தங்கத்தில் ஒரு விக்கிரகமும் வைத்தார்கள். ஆயுள் பற்றிய ஒரு நம்பிக்கை தங்கத்தின் எடையையே தீர்மானித்துவிட்டது!

நம் ஊர்க் கோயிலில், வழக்கமாகக் காவி உடுத்தும் ராமானுஜருக்குச் சித்திரை உற்சவத்தில் ஒருநாள் வெள்ளை உடுத்துவார்கள். 'வெள்ளை சாத்துப்படி' என்று பெயர். அதற்கும் ஒரு கதை உண்டு. சோழ அரசன் ஒருவன் ராமானுஜரை அழைத்துவர ஆள் அனுப்பியபோது, சீடர் கூரத்தாழ்வான் குருவின் காவியைத் தான் உடுத்திக்கொண்டு அரசவைக்குப் போனார். அங்கே கண்களை இழந்தார். ராமானுஜர் வெள்ளை உடுத்தி மேற்கே தப்பிப் போனார். அந்த அரசன் எந்தச் சோழன் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஹொய்சள நாட்டு மேல்கோட்டையில் ராமானுஜர் பதித்த தடங்களோ இன்றும் அங்கே கோயில் நடைமுறையாக இருக்கின்றன.

ஆண்டும் அரசனும் மாறலாம். குருவுக்காகக் கண்ணைக் கொடுத்த ஒருவரை ஊர் மறக்கவில்லை என்பதற்கு அந்த வெள்ளை வேட்டி சாட்சி. வீடியோவில் இது கிடைக்காது.

தம்பிகளே, ஒடிசாவிலிருந்து வந்தவரோ உசிலம்பட்டியிலிருந்து வந்தவரோ, இங்கே வேலை பார்க்கிறீர்கள். சித்திரைத் திருவாதிரையை ஒட்டிப் பத்து நாள் உற்சவம் நடக்கும். வார லீவில் ஒருநாள் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போய், அங்கிருக்கும் பெரியவர் ஒருவரிடம் இந்தக் கதையைக் கேளுங்கள். நான் சொன்னதைவிட நன்றாகவே சொல்வார்.