மூப்பு நோயா? ஒரு சொல்லும் அதன் பொதுநல விளைவுகளும்

நோய் எது, நோயல்லாதது எது என்று வரையறுப்பது மருத்துவத்தின் பணி மட்டுமன்று. அது மொழியின் பணியும் ஆகும். ஓர் உடல்நிலைக்கு 'நோய்' என்னும் பெயர் கிடைத்துவிட்டால் அதற்கு மருந்து தேடப்படுகிறது. ஆய்வுக்கு நிதி ஒதுக்கப்படுகிறது. காப்புறுதி நிறுவனங்கள் அதைக் கணக்கில் கொள்கின்றன. அப்பெயர் மறுக்கப்பட்டால் 'இயற்கை' என்று கூறி நாம் நகர்ந்துவிடுகிறோம். இன்று மருத்துவ ஆய்வாளரிடையிலும் கொள்கை வகுப்போரிடையிலும் நிகழும் ஒரு பெரும் விவாதம் இத்தகைய ஒரு பெயரைப் பற்றியதே. மூப்பு நோயா, இல்லையா என்பதே அவ்வினா. அதன் இரு பக்கங்களையும் விளக்கி, தமிழ் கற்போரும் கற்பிப்போரும் அதில் கருத வேண்டியவற்றை இக்கட்டுரையில் எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

ஒரு குறியீட்டின் வரலாறு

உலகச் சுகாதார நிறுவனம் 'அனைத்துலக நோய் வகைப்பாடு' என்னும் பெருந்தொகுப்பைப் பேணி வருகிறது. நாடுகள் தத்தம் இறப்புச் சான்றிதழ்களையும் மருத்துவப் பதிவுகளையும் இத்தொகுப்பின் குறியீடுகளைக் கொண்டே ஒழுங்குபடுத்துகின்றன. எந்த நோயால் எத்தனை பேர் இறக்கின்றனர், எதற்கு எவ்வளவு செலவிட வேண்டும் என்னும் கணக்குகள் இங்கிருந்தே பிறக்கின்றன.

இதன் பத்தாம் பதிப்பில் முதுமைத் தளர்ச்சியைக் குறிக்க ஆர்54 என்னும் குறியீடு இருந்தது. பதினோராம் பதிப்பை உலகச் சுகாதாரப் பேரவை 2019 மே மாதத்தில் ஏற்றுக்கொண்டது; 2022 சனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வருவதாக இருந்தது. அதில் பழைய சொல்லை நீக்கி, 'முதுமை' என்னும் நேரடிச் சொல்லையே இட்டிருந்தனர். அக்குறியீடு நோய்களின் பட்டியலில் அன்றி, அறிகுறிகளின் அத்தியாயத்திலேயே இடம்பெற்றிருந்தது. ஆயினும் எதிர்ப்பு எழுந்தது. முதியோர் மருத்துவ வல்லுநர்களும் முதியோர் உரிமை அமைப்புகளும், குறிப்பாகப் பிரேசில் முதலிய இலத்தீன் அமெரிக்க நாடுகளில், 'முதுமை நோயன்று' என்னும் முழக்கத்தோடு இயக்கம் நடத்தினர். இறுதியில் அச்சொல் கைவிடப்பட்டது. அதனிடத்தில் 'மூப்போடு தொடர்புடைய உள்ளார்ந்த திறன் குறைவு' என்னும் பொருள் தரும் தொடர் அமைக்கப்பட்டது.

ஒரு சொல்லுக்காக இத்துணை வாதம் ஏன் என்று மாணவர் வினவலாம். விடை காண, இரு தரப்பினரின் காரணங்களையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

நோய் என்போர் கூறுவது

மூப்பை மாற்ற முடியாத விதியாகக் கருதும் எண்ணத்தை ஆய்வுக்கூடங்கள் நெடுங்காலமாகவே அசைத்து வந்துள்ளன. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே என்பார், ஊட்டச்சத்துக் குறையாமல் உணவின் அளவை மட்டும் குறைத்து எலிகளின் ஆயுள் நீள்வதைக் காட்டினார். 2009இல் வெளிவந்த ஆய்வொன்றில், வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடந்துவிட்ட சுண்டெலிகளுக்கு ராப்பாமைசின் என்னும் மருந்து கொடுக்கப்பட்டபோதும் அவற்றின் ஆயுள் நீண்டது. 2013இல் ஆய்வாளர் குழுவொன்று மூப்பின் ஒன்பது உயிரியல் அடையாளங்களை வரிசைப்படுத்தியது. 2023இல் அவ்வரிசை பன்னிரண்டாக விரிந்தது. மரபணுச் சிதைவு, உயிரணுக்கள் பிரிவதை நிறுத்திக்கொள்ளுதல், நீடித்த அழற்சி ஆகியன அவற்றுட் சில.

புற்றுநோய், இதயநோய், நீரிழிவு ஆகியவற்றைத் தனித்தனியே துரத்துவதைவிட, அவற்றுக்கெல்லாம் பொது அடிப்படையான மூப்பையே தாமதப்படுத்துவது சிறந்ததன்றோ என்பது இத்தரப்பினரின் வினா. ஆனால் மருந்துக்கு ஒப்புதல் வழங்கும் அமைப்புகள் குறிப்பிட்ட நோய் அல்லது உடல்நிலை ஒன்றற்கே மருந்தை ஏற்கின்றன. மூப்பு அவ்வாறு ஏற்கப்படாதவரை நிறுவனங்கள் முதலீடு செய்யத் தயங்கும் என்கின்றனர்.

இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும் ஒன்றைக் கருதவேண்டும். நம் வீடுகளில் பலருக்கும் அறிமுகமான நீரிழிவு மாத்திரை மெட்ஃபார்மின். அது மூப்பின் விளைவுகளைத் தாமதப்படுத்துமா என்று அறிய, 65 முதல் 79 வயது வரையிலான ஏறத்தாழ 3,000 பேரைக் கொண்டு சோதனை ஒன்றை நடத்த அமெரிக்க ஆய்வாளர் நிர் பார்சிலாய் குழுவினர் திட்டம் வகுத்தனர். அத்திட்டம் மூப்பை நோய் என்று அழைக்கவில்லை. இதயநோய், புற்றுநோய், மறதிநோய் போன்றவை தோன்றும் காலம் தள்ளிப்போகிறதா என்பதையே அது அளக்க முனைந்தது. அதற்கு நிதி திரட்டுவது பல்லாண்டு இழுபறியானது. மெட்ஃபார்மின் காப்புரிமை கடந்த மலிவான மருந்து. அதனால் எவருக்கும் பெரும் இலாபமில்லை. இதனால் நாம் உணர்வது யாது? ஆய்வுக்கு எப்போதும் 'நோய்' என்னும் பெயர்தான் தடையாக நிற்கிறது என்பதில்லை. பணம் எங்கே செல்கிறது என்பதும் தடையே.

மறுப்போர் கூறுவது

மறுப்போரின் அச்சம் மூன்று வகைப்படும்.

முதலாவது, மருத்துவ அலட்சியம். எண்பது வயதுடையவர் மூட்டுவலி என்று செல்கிறார். 'வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்' என்னும் பதில் கிடைக்கிறது. கண்புரை, காது கேளாமை, மனச்சோர்வு, சத்துக்குறைவு ஆகியன கண்டறிந்தால் சீர்செய்யக்கூடியவை. வயதே நோய் என்றானால் இவற்றைத் தேடிக் கண்டறியும் முயற்சி தளரும். 2024இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணைக்குழு, மறதிநோய்க்குக் காரணமாகும் மாற்றத்தக்க 14 கூறுகளை எடுத்துக்காட்டி, ஏறத்தாழ 45 விழுக்காட்டு நேர்வுகளைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது. கேட்கும் திறன் குறைவும், கவனிக்கப்படாத பார்வைக் குறைவும் அப்பதினான்கில் அடங்கும். ஆக, 'வயதாகிவிட்டது' என்னும் ஒரு சொற்றொடர் கேட்கும் கருவியை மட்டுமன்றிப் பின்னாளைய நினைவாற்றலையும் ஒருவருக்கு மறுத்துவிடலாம்.

இரண்டாவது, கணக்கின் இழப்பு. இறப்புச் சான்றிதழில் 'முதுமை' என்று எழுதினால் உண்மைக் காரணம் மறைந்துபோகக்கூடும். அதனால்தான் இங்கிலாந்தில் 80 வயதைக் கடந்தவர்க்கு, அதுவும் வரையறுத்த சூழல்களில் மட்டுமே, இதனைத் தனிக்காரணமாக எழுத இசைவுண்டு. 2022இல் தம் 96ஆம் வயதில் மறைந்த எலிசபெத் அரசியாரின் சான்றிதழில் இச்சொல்லே இடம்பெற்றது. சப்பானில் முதுமைத் தளர்ச்சியால் நேரும் இறப்பு 2018 முதல் இறப்புக் காரணங்களின் வரிசையில் மூன்றாமிடத்தில் உள்ளது. அமைதியான இயற்கை முடிவைக் குறிக்கும் மதிப்பான சொல்லாக அங்குப் பலர் அதைக் கருதுகின்றனர். எனவே ஒரே வகைச் சொல் ஓரிடத்தில் அலட்சியமாகவும், மற்றோரிடத்தில் ஆறுதலாகவும் விளங்கலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

மூன்றாவது, பாகுபாடு. வயதைக் காரணமாக்கி ஒருவரை ஒதுக்குவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1969இல் ராபர்ட் பட்லர் என்னும் அமெரிக்க மருத்துவர் உருவாக்கினார். தமிழில் அதனை 'வயதுப் பாகுபாடு' எனலாம். 2002இல் பெக்கா லெவி என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, 50 வயதைக் கடந்த 660 பேரை இருபதாண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்தது. தம் மூப்பைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தோர் மற்றவரைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். நல்லெண்ணமே ஆயுளை நீட்டிற்று என்று இதனால் உறுதிப்படுத்திவிட முடியாது. ஆயினும் மூப்பைப் பற்றிச் சமூகம் பேசும் பேச்சு, மூப்படைவோரின் உள்ளத்தில் தங்கிவிடுகிறது என்பதை எவரும் உணரலாம்.

எண்களும் வரம்புகளும்

நம் வட்டாரத்துக்கு வருவோம். சிங்கப்பூரின் நோய்ச்சுமை பற்றி 2019இல் வெளிவந்த அறிக்கையின்படி, 2017இல் பிறப்பின்போதான ஆயுள் எதிர்பார்ப்பு 84.8 ஆண்டுகள், நலத்தோடு வாழும் ஆண்டுகள் 74.2. இடைவெளி 10.6 ஆண்டுகள். 74ஆம் வயதில் எல்லாரும் படுக்கையில் வீழ்கின்றனர் என்று இதற்குப் பொருளன்று. வாழ்நாள் முழுவதும் முதுகுவலி, பார்வைக் குறைவு, மனநலச் சிக்கல் போன்றவற்றால் சிறுகச் சிறுக இழக்கும் நலத்தின் கூட்டுத்தொகையே அது. ஆயுளை மேலும் நீட்டுவதைவிட இவ்விடைவெளியைக் குறைப்பதே பொதுக்கொள்கையின் முதற்கடன் என்று நாம் கருதுகின்றோம்.

அவ்விடைவெளியைக் குறைக்க வயது எண் நமக்கு அதிகம் உதவாது. சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்குகளில் 65 வயதே பெரும்பாலும் எல்லை. மூத்தோர்க்கான பயணச் சலுகை அட்டையோ 60 வயதிலேயே கிடைக்கிறது. மலேசியாவின் முதியோர் கொள்கை 60 வயதை எல்லையாகக் கொள்கிறது. 62 வயதுடைய ஒருவர் ஜொகூர் பாலத்தின் ஒரு முனையில் முதியவர். மறுமுனையின் கணக்கில் முதியவர் அல்லர். சிங்கப்பூரில் 2022 சூலையில் 63ஆகவும் 68ஆகவும் உயர்ந்த ஓய்வுபெறும் வயதும் மறுவேலை வயதும் 2026 சூலையில் 64, 69 என்றும், 2030க்குள் 65, 70 என்றும் உயர வேண்டும் என்பது அரசின் முடிவு. எழுபது வயதுவரை உழைக்க வாய்ப்பளிக்கும் சமூகம், மூப்பை நோய் என்றும் அழைத்தால் இரண்டும் எவ்வாறு பொருந்தும்?

உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவுகோல் திறன் சார்ந்தது. நடமாட்டம், சத்துநிலை, பார்வை, கேட்டல், அறிதிறன், மனநலம் ஆகிய ஆறும் அதன் உறுப்புகள். 'வயது என்ன?' என்பதை விடுத்து, 'எழுந்து நடக்க இயல்கிறதா? கேட்கிறதா? உணவு செல்கிறதா?' என்று அது வினவுகிறது. சிங்கப்பூரில் 2023இல் தொடங்கப்பட்ட 'ஹெல்த்தியர் எஸ்ஜி', 'ஏஜ் வெல் எஸ்ஜி' ஆகிய திட்டங்கள் நோய் முற்றுமுன் காப்பதையும், மூத்தோர் தம் அக்கம்பக்கத்தாரோடு கூடி வாழ்வதையும் முதன்மைப்படுத்துகின்றன. இத்திட்டங்களின் வெற்றியும், மூத்தோரின் திறன்களைக் காலத்தே கண்டறிவதைப் பொறுத்தே அமையும்.

தமிழில் நாம் செய்யத்தக்கது

தமிழ் மரபு பிணி, மூப்பு, சாக்காடு என்று அடுத்தடுத்து வைத்து எண்ணினும், பிணியையும் மூப்பையும் ஒன்றாக்கிவிடவில்லை. 'மூத்தல்' என்னும் வினை வரிசையைக் குறிக்கும். தளர்ச்சி அதன் முதற்பொருளன்று. பத்து வயதுச் சிறுவனும் தம்பிக்கு மூத்தவனே. 'முதுகலை', 'முதுமொழி' ஆகியவற்றில் நிற்கும் 'முது' நிறைவையும் பழமையையும் உணர்த்துகிறது. சிங்கப்பூரில் 'மூத்தோர்' என்பதே பொதுவழக்காக நிலைபெற்றிருப்பதும், 'முன்னோடித் தலைமுறை' என்றும் 'மெர்டேக்கா தலைமுறை' என்றும் நன்றி கூறும் பெயர்கள் சூட்டப்பட்டதும், மலாய் மொழியில் 'பொற்குடிமக்கள்' என்னும் பொருளில் 'வார்கா எமாஸ்' என வழங்குவதும் நல்ல சொல்லாட்சிகள்.

ஆயினும் மதிப்புச்சொல் மட்டும் போதாது. 'ஐயா', 'அம்மா' என்று விளித்துவிட்டு, நோயைப் பற்றி மகளிடமும் மகனிடமும் மட்டும் பேசும் வழக்கம் உண்டு. அங்கு மரியாதை இருக்கிறது. ஆனால் முடிவெடுக்கும் உரிமை இல்லை.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இரண்டு பணிகளை முன்வைக்கின்றோம். முதலாவது, கட்டுரைகளில் வினைச்சொற்களைக் கவனித்தல். முதியோர் பற்றிய மாணவர் கட்டுரைகளில் அவர்கள் பெரும்பாலும் பேணப்படுகின்றனர், பராமரிக்கப்படுகின்றனர், கைவிடப்படுகின்றனர். அவர்களே எழுவாயாக நின்று சமைப்பதும் விற்பதும் கற்பிப்பதும் தீர்மானிப்பதும் அரிது. அத்தகைய வாக்கியங்களை எழுதப் பழக்கலாம்.

இரண்டாவது, நோய்ப்பெயர்களை ஆராய்தல். சப்பானிய அரசு 2004இல், மறதிநோய்க்கு வழங்கிய இழிவுப்பொருள் கொண்ட பழைய பெயரை நீக்கி, 'அறிதிறன்' என்பதை அடியாகக் கொண்ட புதிய பெயரை ஏற்றது. நம்மிடையே 'முதுமை மறதி' என்னும் வழக்கு உள்ளது. அந்நோய் 65 வயதுக்கு முன்னும் வரக்கூடும். மூத்தோருள் பெரும்பாலோர்க்கு அது வருவதில்லை. வந்தவர்க்கும் மறதி ஒன்றே அறிகுறியன்று. அவ்வாறிருக்க, நோயின் பெயரில் வயது ஏன் நிற்கவேண்டும்? 'மறதிநோய்' போதுமா, 'அறிதிறன்' என்பதை அடியாகக் கொண்டு தமிழிலும் ஒரு சொல் அமைக்கலாமா என்பதை வகுப்பறைகளில் விவாதிக்கலாம். அவ்விவாதத்துக்குத் தம் பாட்டன் பாட்டியரையும் அழைத்து, அவர்களைப் பற்றிய சொல்லை அவர்களே எடைபோடச் செய்வது பொருத்தமாகும் என்று கருதுகின்றோம்.