மலைமேல் ஊர், அடிவாரத்தில் ரயில் நிலையம்

டிசம்பரில் தேர்வுகள் முடிந்ததும் இத்தாலிக்குச் செல்வதென்று தோழிகள் நால்வர் முடிவு செய்திருக்கிறோம். நால்வரும் பல்கலைக்கழக மாணவிகள். டியூஷன் சொல்லிக்கொடுத்தும் கடைகளில் பகுதிநேர வேலை பார்த்தும் சேர்த்த பணம்தான் செலவுக்கு. அடுத்த ஆண்டு வேலைப் பயிற்சி, இறுதியாண்டுத் திட்டப்பணி என்று ஆளுக்கொரு திசையில் போய்விடுவோம். நால்வரும் சேர்ந்து செல்லும் வாய்ப்பு மீண்டும் எப்போது அமையுமோ தெரியாது. பயணத்திட்டம் வரையும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

மொத்தம் 12 இரவுகள். ரோமில் இறங்கி மிலானிலிருந்து திரும்புகிறோம். வந்த வழியே ரோமுக்குத் திரும்பிப் போகும் ஒரு நாள் இதனால் மிச்சம்.

பார்க்க விரும்பும் ஊர்களை எழுதித் தரும்படி கேட்டேன். ரோம், ஒர்வியெத்தோ, சிவித்தா, அசிசி, பெரூஜா, சியென்னா, சான் ஜிமிஞானோ, பீசா, புளோரன்ஸ், பொலோன்யா, வெனிஸ் என்று பட்டியலில் 11 ஊர்கள் சேர்ந்துவிட்டன. வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான் தெரிகின்றன. ரோமிலிருந்து புளோரன்ஸ் வரை சாலைவழி செல்வது, சிங்கப்பூரிலிருந்து மலாக்கா செல்வதைவிடச் சற்றே கூடுதல் தூரம்தான். "12 ராத்திரி, 11 ஊர். சரியாத்தானே இருக்கு?" என்றாள் ஒருத்தி.

தூரத்தை மட்டும் பார்த்தால் சரிதான். நடு இத்தாலியில் உயரத்தையும் பார்க்க வேண்டும்.

உம்பிரியா, டஸ்கனி வட்டாரங்களின் பழைய ஊர்களில் பல மலை உச்சியில் இருக்கின்றன. எதிரிகளிடமிருந்து தற்காப்பு ஒரு காரணம். சதுப்பு நிலமும் கொசுவும் இன்னொரு காரணம். 'மலேரியா' என்ற சொல்லே 'கெட்ட காற்று' என்று பொருள்படும் இத்தாலியச் சொற்களிலிருந்து வந்ததுதான். பள்ளத்தாக்கின் காற்றே நோய் தரும் என்று நம்பியவர்கள் மேலே ஏறி வீடு கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்தபோது அது சமதரையைத் தேடிப் பள்ளத்தாக்கு வழியே போனது. அதனால் பல இடங்களில் ஊர் மேலே இருக்கிறது, ரயில் நிலையம் கீழே இருக்கிறது. அசிசி நிலையத்தில் இறங்கினால் ஊர் இன்னும் சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி, மலைச்சரிவில் இருக்கும். சான் ஜிமிஞானோவுக்கு ரயிலே கிடையாது. பொஜ்ஜிபோன்சி என்ற ஊரில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

ஒரு விடுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நாளை மணி மணியாக எழுதிப் பார்த்தேன். காலை 10 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். பெட்டியை இழுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போக வேண்டும். ரயில், பேருந்து, கல் பாவிய மேட்டுத்தெரு எல்லாம் தாண்டிப் போனால் புதிய அறை பிற்பகல் 2, 3 மணிக்குத்தான் கிடைக்கும். டிசம்பரில் ரோமில் மாலை 4.40 மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஏழு மணிவரை வெளிச்சம் பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிய அடி. ஒரு மாற்றம் குறைந்தது அரை நாளைத் தின்றுவிடுகிறது. ஏழு விடுதி என்றால் ஆறு மாற்றம், அதாவது மூன்று நாள். பகுதிநேர வேலையில் சம்பாதித்த மூன்று நாள்களைப் பெட்டி இழுத்துக் கழிக்க யாருக்கும் மனமில்லை. நான்கு விடுதிக்கு மேல் வேண்டாம் என்று ஒருமனதாக முடிவெடுத்தோம்.

வெனிசும் பீசாவும் அன்றே பட்டியலிலிருந்து வெளியேறின. அதற்கு யாரும் அதிகம் வருந்தவில்லை. உண்மையான சண்டை அசிசியில் தொடங்கியது.

ரோமிலிருந்து புளோரன்சுக்கு வேகமில்லாத வட்டார ரயில்கள் செல்லும் பாதைகள் இரண்டு. ஒன்று ஒர்வியெத்தோ, கியூசி வழியாக நேராகப் போகிறது. மற்றொன்று கிழக்கே வளைந்து ஃபோலிஞ்ஞோ, அசிசி, பெரூஜா வழியாகப் போகிறது. இரண்டும் தெரோந்தோலா என்ற சிறிய நிலையத்தில் மீண்டும் சேர்கின்றன. ஒரு பாதையில் தங்கினால் மறு பாதையின் ஊர்கள் கைவிட்டுப் போகும்.

எனக்கு ஒர்வியெத்தோ பாதைதான் வேண்டும். காரணம் சிவித்தா. ஒர்வியெத்தோவிலிருந்து பேருந்தில் செல்லக்கூடிய குட்டி ஊர் அது. அடியில் உள்ள களிமண் அரிந்து அரிந்து பாறை விளிம்பு சரிந்துகொண்டே வருவதால் 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்' என்று அதைச் சொல்கிறார்கள். நீண்ட நடைபாலம் ஒன்றுதான் உள்ளே போக வழி. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் மிகச் சிலரே. நான் படிப்பது புவியியல். அந்த மண்ணை நேரில் பார்க்க எனக்கு ஆசை.

தோழி ஒருத்திக்கு அசிசி வேண்டும். "பாட்டி வீட்டு ஹால்ல புனித பிரான்சிஸ் படம்தான் முதல்ல தெரியும். பறவைங்களுக்குப் பிரசங்கம் பண்ற படம். பாட்டியால இனி விமானம் ஏற முடியாது. அவங்களுக்காக ஒரு தடவை கல்லறையில நின்னு வேண்டிக்கிறேன்," என்றாள். அவள் அதற்குமேல் பேசவில்லை. நாங்களும் அன்று பேசவில்லை.

அன்றிரவு நான் இரண்டு பாதைகளின் கால அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இத்தாலியப் பேருந்து அட்டவணைகளில் 'ஃபெரியாலே', 'ஃபெஸ்திவோ' என்ற இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்வது அவசியம். ஃபெரியாலே என்றால் விடுமுறை நாள் என்று தோன்றும். உண்மையில் அது வேலைநாள், சனிக்கிழமையும் அதில் அடங்கும். ஃபெஸ்திவோதான் ஞாயிறும் பொது விடுமுறையும். 'ஸ்கொலாஸ்திகோ' என்று குறித்திருந்தால் பள்ளி நடக்கும் நாள்களில் மட்டும் ஓடும் பேருந்து. நான் பார்த்த அட்டவணையில் சிவித்தா பக்கம் போகும் பேருந்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஓட்டமே இல்லை. மற்ற நாள்களிலும் சில ஓட்டங்கள்தான். டிசம்பர் 8ஆம் தேதியும் இத்தாலியில் பொது விடுமுறை. எங்கள் தேதிகளில் சிவித்தாவைச் சேர்த்தால் இன்னொரு விடுதி மாற்றம் தேவைப்பட்டது.

ஒர்வியெத்தோ நிலையத்தின் வாசலிலேயே, பினாங்குக் கொடிமலை ரயிலைப் போன்ற கம்பிவட ரயில் காத்திருக்கிறது. 1888ல் தொடங்கியபோது தொட்டியில் நிரப்பிய தண்ணீரின் எடையால் ஓடியது, இப்போது மின்சாரம். ரோமிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒர்வியெத்தோ நிலையம் வந்துவிடும், சில நிமிடங்களில் மலைமேல் போய்விடலாம். ஆகவே அந்த ஊரை ரோமில் தங்கியபடியே ஒரே நாளில் பார்க்கலாம். அசிசியில் தங்கித்தான் ஆக வேண்டும். பகலில் சுற்றுலாப் பேருந்துகள் கொண்டுவரும் கூட்டம் மாலையில் கலைந்துவிடும். கல்லறைமுன் அமைதியாக நிற்க வேண்டுமென்றால் அதுதான் நேரம்.

அப்படி இரண்டு பாதையிலும் கால் வைக்க முடிந்தது. சிவித்தாவை நானே அடித்துவிட்டேன். கொஞ்சம் வலித்தது.

எங்கள் திட்டம் இப்போது இதுதான்: ரோமில் 4 இரவு, அசிசியில் 2, புளோரன்சில் 5, பொலோன்யாவில் 1.

ஒர்வியெத்தோவில் நான் காத்திருப்பது ஒரு கிணற்றுக்காக. 1527ல் ரோம் சூறையாடப்பட்டபோது அங்கே தஞ்சம் புகுந்த போப் ஏழாம் கிளமென்ட், முற்றுகை வந்தால் தண்ணீர் வேண்டுமே என்று வெட்டச் சொன்ன கிணறு. 50 மீட்டருக்கும் அதிக ஆழம். ஒன்றையொன்று சந்திக்காத இரண்டு சுருள் படிக்கட்டுகள் அதில் உண்டு, ஒவ்வொன்றிலும் 248 படிகள். தண்ணீர் சுமக்கும் கழுதைகள் ஒரு வழியே இறங்கி மறு வழியே ஏறின.

அசிசிப் பேராலயத்தின் கட்டுமானம் 1228ல், பிரான்சிஸ் இறந்த இரண்டாம் ஆண்டில் தொடங்கியது. மேல் தேவாலயச் சுவர்களில் அவர் வாழ்க்கையைச் சொல்லும் 28 ஓவியங்கள் உள்ளன. ஜோத்தோ வரைந்தவை என்பது மரபு, அறிஞர்களிடையே அதில் இன்னும் சச்சரவு உண்டு. 1997 செப்டம்பர் 26ஆம் தேதி நிலநடுக்கத்தில் மேற்கூரையின் ஒரு பகுதி விழுந்து, உள்ளே சேதத்தைப் பார்வையிட்டுக்கொண்டிருந்த நால்வர் உயிரிழந்தனர். நொறுங்கி விழுந்த ஓவியத் துண்டுகளைப் பொறுக்கி, பிரித்து, ஒட்டி, 1999 இறுதியில் மேல் தேவாலயத்தை மீண்டும் திறந்தார்கள். புவியியல் மாணவிக்கும் அசிசியில் வேலை இருக்கிறது.

அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் பெரூஜா. 1308ல் தொடங்கிய பல்கலைக்கழகம் உள்ள மாணவர் ஊர். 2008 முதல் ஓட்டுநர் இல்லாத சிறு பெட்டிகள் கீழிருந்து மேல் நகருக்கு ஏறுகின்றன. புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டியை இன்னும் சுருக்கினால் எப்படியோ அப்படி. இன்னொரு பக்கம் நகரும் படிக்கட்டுகள் பூமிக்கடியில் புதைந்த பழைய தெருக்களின் ஊடே செல்கின்றன. 1540ல் நகரத்தின் கிளர்ச்சியை அடக்கிய போப் மூன்றாம் பால், வீடுகளையும் தெருக்களையும் அப்படியே மூடி மேலே கோட்டை கட்டியதால் புதைந்தவை அவை.

புளோரன்சிலிருந்து சியென்னாவுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். இதற்கு ரயிலைவிடப் பேருந்து நல்லது. மேல் நகரிலேயே இறக்கிவிடும். அங்கே கூரையில்லாமல் நிற்கும் ஒரு பெரிய சுவரைப் பார்க்க வேண்டும். 1339ல் சியென்னா மக்கள் தங்கள் பேராலயத்தை மாபெரும் ஆலயமாக விரிவாக்கத் தொடங்கினார்கள். 1348ல் கொள்ளைநோய் வந்தது. பிறகு அந்த வேலை நிறைவேறவே இல்லை. இன்று அந்தச் சுவரில் ஏறி நகரைப் பார்க்கலாம்.

முன்பதிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதிவேக ரயிலின் கட்டணம் நாள் நெருங்க நெருங்க ஏறும், அதை முன்பே வாங்குங்கள். வட்டார ரயிலின் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது, அவசரம் வேண்டாம். காகிதச் சீட்டென்றால் ஏறுமுன் நிலையத்து இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும், கைப்பேசிச் சீட்டென்றால் செக்-இன் செய்ய வேண்டும். மறந்தால் அபராதம். வேலைநிறுத்தங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். வேலைநாள்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும். வத்திகன் அரும்பொருளகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். புளோரன்சின் உஃபீஸி திங்களன்று விடுமுறை. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு எந்த நாட்டவரானாலும் இத்தாலிய அரசு அரும்பொருளகங்களில் நுழைவு இலவசம். 18 முதல் 25 வரையிலான சலுகை ஐரோப்பிய ஒன்றியத்தினருக்கு மட்டுமே. உயர்நிலைப் பள்ளி மாணவர்களே, பெற்றோரிடம் இப்போதே கேட்டுப் பாருங்கள்.

சான் ஜிமிஞானோவின் கோபுரங்களுக்காக வாதாடிய தோழி இன்னும் முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறாள். பொலோன்யாவிலும் பழைய கோபுரங்கள் உண்டு என்று சொல்லிச் சமாதானப்படுத்தியிருக்கிறோம். அசினெல்லி கோபுரம் 97 மீட்டர் உயரம். ஆனால் பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிசெந்தாவின் பாதுகாப்பு குறித்த கவலையால் 2023 முதல் அதில் ஏற முடியாது, அண்ணாந்து பார்ப்பதோடு சரி. மலைமேல் உள்ள சான் லூக்கா ஆலயம் வரை 3 கிலோமீட்டருக்கு மேல் கூரையிட்ட நடைபாதை செல்கிறது, மழை பெய்தாலும் நனையாமல் ஏறலாம். ஏறுவதா, தூங்குவதா என்று வாக்கெடுப்பு நடத்தினோம். இரண்டுக்கு இரண்டு.